லீவு எடுத்த இடம்

ஆனையிறவு. காலை ஐந்தே முக்கால்.
குழாயின் முதுகு வேர்த்திருக்கிறது.
விரலால் வழித்து நாக்கில் வைக்கிறேன்.
உப்பு.
இன்னும் ஒருக்காக் கழுவ வேணும்.

கடனீரேரியிலிருந்து உப்புப் பாத்திகளுக்கு
நீர் ஏற்றும் நானூறு மீற்றர் இரும்பு.
மணல் வீசித் துருவை உரித்தபோது
புதுக் கரண்டி மாதிரி மினுங்கியது,
ஒரு மத்தியானம் மட்டும்.
சோளகம் எழும்பிற்று.
பொழுதுபட முதல் தேத்தண்ணிக் கறை படிந்துவிட்டது.
"திருப்பி வீசுங்கோ" என்றார் இன்ஜினியர்.

றெஜினோல்ட் இரண்டு ரின்னை உடைத்துக் கலக்குகிறான்.
தனித்தனியே வைத்தால் வருசக்கணக்கில்
பாணி மாதிரிக் கிடக்கும் சாமான்.
ஒன்றையொன்று தொட்டதோ, கல்லாகும்வரை விடாது.
நாற்பது நிமிசம் என்று ரின்னில் எழுதியிருக்கு.
எழுதினவன் ஆடி வெயிலில் இங்கே நின்றதில்லை.
ஒருநாள் பதினெட்டில் புகைந்து இறுகியது,
கலக்கிய தடி நட்டபடி.
தடியை அறுத்துவிட்டு
அந்த வாளியில்தான் இருந்து சாப்பிடுகிறோம்.

கழுவ நல்லதண்ணி வேணும், உவர் ஆகாது.
பவுசர் வரும்.
மூன்றாம் நாள், சைக்கிளில் இரண்டு கான் கட்டி
ஒரு பெண் வந்து நின்றாள்.
கேட்கவில்லை. குழாயில் வழிந்து
உவர்த்தரையில் இறங்கும் தண்ணியைப் பார்த்தாள்.
"இரும்புக்கோ?"
"ஓம். இரும்புக்கு."
அருட்பிரகாசம் அண்ணை தன் கொப்பியில்
அன்றைக்கு ஒரு கழுவல் கூட்டி எழுதினார்.

மூன்று பூச்சு. முந்நூறு மைக்ரோன்.
நாலு தலைமயிரை அடுக்கிப் பாருங்கோ,
அவ்வளவுதான் கடலுக்கும் இரும்புக்கும் நடுவில்.
அதில் ஊசி முனையளவு விட்டுப்போனாலும்
உப்பு வாசலைக் கண்டுபிடித்துவிடும்.
வெளியே சாம்பல் நிறம் பளபளக்கும்,
உள்ளே சூத்தைப் பல்லு.
அந்தத் துளைக்கு இந்தத் தொழிலில் ஹொலிடே என்று பேர்.
பெயின்ற் லீவு எடுத்த இடமாம்.
சிரித்தேன்.
பிறகு மிசினைக் கையில் தந்தார்கள்.

ஒரு தடி. நுனியில் ஈரப் பஞ்சு. இடுப்பில் பெட்டி.
குழாயின் மேல் மெல்ல இழுத்துப் போக வேணும்,
துளை வந்தால் கத்தும்.

கீச்.

முழங்கால் தானாக மடிந்தது.
இடக்கை பின்னால் போய் "நில்" என்றது.
றெஜினோல்ட் நின்றுவிட்டான்,
ஏனென்று தெரியாமலே.

ஆறு வருசம் முகமாலையில்
எனக்கு இதுதான் வேலை. ஒரு தடி, ஒரு சத்தம்.
சிவப்புக் கட்டைகளுக்கு நடுவே
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
முகமூடிக் கண்ணாடியில் என் மூச்சுப் புகார்.
கத்தினால் ஆணி, மீன்ரின், சன்னக் கோது.
உவர் மண்ணில் சும்மாவும் கத்தும்.
எப்போதாவது, அது.

நான் எடுத்த முதலாவதன் உடம்பு பிளாஸ்ரிக்.
அத்தனை மாரி அத்தனை கோடை மண்ணுக்குள் கிடந்தும்
பச்சை மங்கவில்லை, ஓரம் உதிரவில்லை.
பக்கத்தில் யாரோ விட்ட அரிவாள்
தொட்டதும் பொடியாய்ப் போனது.
செய்தவனுக்கு உப்பைத் தெரிந்திருக்கு.
இதை இன்ஜினியரிடம் நான் சொல்லவில்லை.
அவர் நல்ல மனுசன், பூச்சென்றால் உயிர்.

அங்கே, இரும்பு இருந்துவிடக்கூடாதே என்று தேடினேன்.
இங்கே இரும்பு இருக்கு. அது
எட்டிப் பார்த்துவிடக்கூடாதே என்று தேடுகிறேன்.
காதுக்கு இந்த வித்தியாசம் இன்னும் விளங்கவில்லை.

மத்தியானத்துக்குள் பதினேழு.
ஒவ்வொன்றையும் சோக்கால் வட்டமிட்டு இலக்கம் எழுதினேன்.
றெஜினோல்ட் சின்னப் பிரசோடு பின்னால் வருகிறான்,
என் காலடி பதிந்த இடத்தில் மட்டும்
காலை வைத்து, வைத்து.

அப்படித் தேவையில்லை என்று
அவனுக்குச் சொல்ல வேணும்.
சாப்பிட்ட பிறகு சொல்லலாம்.